வெறும் மணல்தானே என்று நினைத்தோம்!



விடுமுறை விட்டாலே என் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடிவிடும். போன வாரம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்தார்கள். முகத்தில் ஏதோ ஒரு திட்டம் தெரிந்தது.

"தாத்தா, நாங்க கடற்கரையில கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கணும். வீட்டுல எல்லாரும் வேண்டாங்கறாங்க. நீங்க வாத்தியாரா இருந்தவரு. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்கள்.

நான் யார் பக்கம் பேசினேன் தெரியுமா? பிள்ளைகள் பக்கம்தான்! கடற்கரை என்றால் மாங்காய் சுண்டலும் பஞ்சு மிட்டாயும் மட்டும்தான் என்று நினைத்தே ஒரு பிள்ளை வளரக் கூடாது. அலைச் சத்தம் கேட்டபடி தூங்கி, கடலிலிருந்து சூரியன் எழும்போது கண் விழிக்க வேண்டும். அந்த ஒரு நாள் கற்றுத் தருவதை நான் கரும்பலகையில் ஒரு வருடம் எழுதினாலும் கற்றுத் தர முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை சொன்னேன். "தங்கப் போகிற இடத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு கொடியைக்கூடத் தொடக் கூடாது."

"மணல்ல என்ன தாத்தா கேக்கறது? அது வெறும் மணல்தானே!" என்றான் ஒருவன்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், ஏறக்குறைய நாற்பது வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே...

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஏரி. உப்பு நீரும் நல்ல நீரும் கலந்த ஏரி. இந்தியாவில் இந்த வகை ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரி முதலாவது, பழவேற்காடு இரண்டாவது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

இந்த ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் நீளமாக, ஒல்லியாக மணல் நிலம் கிடக்கிறது. ஒரு பக்கம் அலை அடிக்கும் கடல். மறுபக்கம் அமைதியான ஏரி. நடுவில் மணல். கடல் அலையை முதலில் தன் மேல் வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் ஏரியையும் ஊரையும் காப்பதால் இப்படிப்பட்ட நிலத்தைத் 'தடுப்புத் தீவு' என்பார்கள். நம் ராக்கெட்டுகள் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டாகூட இப்படி ஒரு தடுப்புத் தீவுதான். ஆனால் அங்கே நாம் நினைத்தபடி நுழைய முடியாது!

இந்த மணல் எங்கிருந்து வந்தது? ஆறுகள் கொண்டு வந்து கடலில் கொட்டியது. கடல் அதைச் சும்மா விடாது. நம் கிழக்குக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதி, மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகும். வருடத்தில் சில மாதம் வடக்கே, சில மாதம் தெற்கே. மொத்தக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

இதற்குச் சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போன மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் சேர்ந்தது. இன்று நீங்கள் ஓடி விளையாடும் மெரினா மணற்பரப்பு அவ்வளவு அகலமானது அதனால்தான். அந்தப் பக்கம் வடக்கே ராயபுரம் கரைக்கு மணல் வராமல் போனது. கடல் கரையை அரித்தது. ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் இன்னோர் இடத்தில் ஊர் கரைகிறது, பார்த்தீர்களா?

நாங்கள் செய்த தவறு

1986-ஆம் வருடம். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பள்ளிச் சாரணர் படைக்கு நான்தான் பொறுப்பு. இருபத்து நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். படகில் ஏரியைக் கடந்து அந்த மணல் நிலத்தில் இறங்கினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு மீனவர் குப்பம் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. "யாருக்கும் தொந்தரவு இல்லாமல் தங்கிவிட்டு வருவோம்" என்று எனக்குள் பெருமை வேறு!

கடலைப் பார்த்தபடி உயரமான ஒரு மணல்மேடு இருந்தது. அதன் மேல் பச்சைக் கொடி படர்ந்து, ஊதா நிறத்தில் புனல் மாதிரி பூப் பூத்திருந்தது. இலை ஆட்டின் குளம்பு போலப் பிளந்திருக்கும். அதுதான் அடம்பு. கூடாரத்துக்கு இடம் வேண்டுமே! பிள்ளைகள் கொடியைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். மேட்டின் மறுபுறம், மறைவாக, கழிப்பறைக்கு ஒரு பள்ளம் தோண்டினார்கள். சாரணர் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் முறைப்படி நடப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் இடுப்பில் குடத்தோடு ஒரு ஆயா வந்தார். எங்களைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே இது! நாங்க குடிக்கிற ஊத்து அங்கதான இருக்குது!"

அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். எங்கள் பள்ளத்திலிருந்து இருபது அடிகூட இருக்காது. மேட்டின் அடியில், மணலில் கையால் தோண்டிய சின்ன ஊற்று. ஓலையால் மூடி வைத்திருந்தார்கள். குப்பம் முழுவதற்கும் குடிநீர் அதுதான்.

பிள்ளைகள் எதிரில் எனக்குப் பேச்சே வரவில்லை. நல்ல வேளை, பள்ளத்தை யாரும் இன்னும் பயன்படுத்தவில்லை. உடனே மூடினோம். அதற்குள் அந்த ஆயா, பிடுங்கிப் போட்டிருந்த கொடிகளைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது இருக்கறதாலதான் மேடு இருக்குது. மேடு இருக்கறதாலதான் தண்ணி இருக்குது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா இடம் காட்டியிருக்க மாட்டோமா?" என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. பாடம் நடத்துகிற எனக்கு அந்தப் பாடத்தை அவர்தான் நடத்தினார்.

அன்று இரவு இன்னொரு தண்டனையும் கிடைத்தது. காற்று பலமாக வீசியது. கொடி இல்லாத மேட்டிலிருந்து மணல் பறந்து சோற்றுப் பானையில் விழுந்தது. கூடார முளைகள் மணலில் நிற்கவில்லை, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. கடைசியில் குப்பத்துக்காரர்களே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய், வலை வைக்கும் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். எந்த ஊற்றுத் தண்ணீர் என்று சொல்ல வேண்டுமா?

மணலுக்குள் என்ன இருக்கிறது?

கடலுக்கு இத்தனை பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். மழை பெய்யும்போது தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்குகிறது. மழைநீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியில் உள்ள கடல்நீரோடு உடனே கலந்துவிடாமல், அதன் மேல் மிதந்தபடி நிற்கிறது. மேடு பெரியதாக இருந்தால் அதற்குள் நிற்கும் நல்ல தண்ணீரும் அதிகம். மேட்டை வாரிக்கொண்டு போனாலோ, மோட்டார் வைத்து அளவுக்கு மீறி உறிஞ்சினாலோ உப்பு நீர் மேலே ஏறிவிடும். மேடு ஒரு தண்ணீர்த் தொட்டி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொட்டியைக் கட்டிய கொத்தனார் யார்? அடம்பும், ராவணன் மீசை என்கிற முள் போன்ற புல்லும்தான். காற்றில் பறந்து வரும் மணல் இந்தச் செடிகளில் தட்டுப்பட்டு விழும். செடி மணலுக்கு மேல் வளரும். மறுபடியும் மணல் விழும். இப்படியே ஒரு சிறு குவியல் பல வருடங்களில் மேடாகிறது. ஒரு பெரிய வண்டியை அதன் மேல் ஏற்றி இறக்கினால் போதும், வேர் அறுந்து மணல் பறக்கத் தொடங்கிவிடும்.

மேடு ஒரு சுவரும்கூட. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. உங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. உயரமான மணல்மேடுகளுக்குப் பின்னால் இருந்த சில ஊர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது. மேடு எல்லா அலையையும் நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருந்ததையும் இடித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை.

மணலுக்குள் தொட்டிலும் உண்டு! சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு இரவில் ஏறி வரும். பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளியே வரும். எது கடல் என்று அவற்றுக்கு யார் சொல்வது? வெளிச்சம்தான். இரவில் கடலின் பக்கம் வானம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். குஞ்சுகள் அதை நோக்கி ஓடும். நீங்கள் அங்கே டார்ச் அடித்தாலோ, நெருப்பு மூட்டினாலோ உங்கள் பக்கம் திரும்பிவிடும். வழி தப்பிய குஞ்சை நாயும் காக்கையும் விடாது. விடிந்தால் வெயிலும் விடாது.

2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள்ளேயே அவற்றுக்கு எத்தனையோ ஆபத்து. கரையில் நாமும் ஒரு ஆபத்தாக இருக்க வேண்டுமா?

பெற்றோர் பயப்படுவது சரியா?

இப்போது அடுத்த பக்கத்தையும் பார்ப்போம். "கடலா? வேண்டவே வேண்டாம்!" என்று அம்மா சொல்கிறார் அல்லவா? அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. விடுமுறையைக் கழிக்க வந்த 22 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே ஏரியில்தான் 1986-இல் நான் இருபத்து நான்கு பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லாமல்! எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் திறமை அல்ல. தப்பித்தோம், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு ஒரு உரிமை தருகிறேன். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில், கூட்டம் நிறைந்த படகில் ஏறச் சொன்னால், "நான் ஏற மாட்டேன்" என்று சொல்லுங்கள். கூப்பிடுவது மாமாவாக இருந்தாலும் சரி, ஆசிரியராக இருந்தாலும் சரி. இது மரியாதைக் குறைவு ஆகாது. "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்தால் செய்யட்டும்.

கடலிலும் அப்படித்தான். அலைகள் உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரியும். அங்கே இறங்கலாம் என்று தோன்றும். பல நேரங்களில் அதுதான் ஆபத்தான இடம்! கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். ஆளையும் சேர்த்து இழுக்கும். அதில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு இல்லாத இடத்துக்கு வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீங்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அதற்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, இத்தனை ஆபத்து இருக்கிறதே, போகாமலே இருந்துவிடலாமே? சில பள்ளிகள் அப்படித்தான் முடிவு செய்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலைப் பார்க்காத பிள்ளைக்குக் கடலிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. பெரியவனாகி, நண்பர்களோடு முதல்முறை போகும்போது எந்த இடம் அமைதி, எந்த இடம் ஆபத்து என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? மணல்மேட்டின் பயன் தெரியாமல் வளர்கிற பிள்ளை, நாளை அதிகாரியாகி அதை இடிக்கக் கையெழுத்துப் போட்டால் அது யார் குற்றம்?

நம் முன்னோர் கடலைச் சேர்ந்த நிலத்துக்கு நெய்தல் என்று பெயர் வைத்தார்கள். சங்கப் பாடல்களில் வரும் நெய்தல் நிலத்துப் பெண் பிள்ளைகள் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுகிறார்கள். நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். இந்த அடம்புக்கொடியும் அந்தப் பாடல்களில் 'அடும்பு' என்று வருகிறது. தலைவனின் தேர்ச்சக்கரம் அதை அறுத்துக்கொண்டு வருவதைக்கூடப் புலவர்கள் கவனித்துப் பாடியிருக்கிறார்கள். அன்றே கடற்கரையில் வண்டி ஓட்டிக் கொடியை அறுத்திருக்கிறார்கள், பாருங்கள்! ஆனால் அறுந்த கொடி அவர்கள் கண்ணில் பட்டது. நம் கண்ணில் படுகிறதா?

போகும்போது இவற்றை மறக்காதீர்கள்

எந்தக் கரைக்குப் போனாலும், பெரியவர்கள் மூலமாக அந்த ஊர்க்காரர்களிடமும், தேவையான இடங்களில் காவல் துறை, வனத் துறையிடமும் அனுமதி கேளுங்கள். இரவில் தங்கக் கூடாது என்று சொன்னால் தங்காதீர்கள். விடியற்காலை போய்ச் சூரியன் உதிப்பதைப் பாருங்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1988 முதல் ஆமை முட்டைகளைக் காத்து வருகிறது. ஆமைகள் வரும் மாதங்களில் அவர்களோடு இரவில் கடற்கரையில் நடந்து போகலாம். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூடாரம் போட அனுமதி கிடைத்தால், மேட்டின் மேல் போடாதீர்கள். அலை ஏறிய இடத்தில் பாசியும் கிளிஞ்சலும் கோடு போட்டதுபோலக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் அதற்கும் மேலே ஏறும். அந்தக் கோட்டுக்கு நன்றாகத் தள்ளி, செடி இல்லாத வெறும் மணலில் போடுங்கள். முளை அடித்தால் நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, பையை ஆழமாகப் புதையுங்கள். எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததும் குப்பத்து அண்ணன்கள்தான்!

நெருப்பு மூட்டினால், அணைக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். மணலைப் போட்டு மூடினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடி வரும் குப்பத்துக் குழந்தை அதை மிதிக்கும். ஆமை வரும் மாதங்களில் நெருப்பே வேண்டாம். கொண்டு போன பாட்டிலும் பையும் உங்களோடு வீட்டுக்கு வரட்டும்.

இதையெல்லாம் திண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி முடித்தேன். "வெறும் மணல்தானே" என்று சொன்ன பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "தாத்தா, அந்த ஊத்து இப்பவும் இருக்கா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அந்த மேட்டை நான் மறுபடி போய்ப் பார்க்கவே இல்லை. வெட்கம்தான் காரணம். இந்த விடுமுறையில் அவர்களோடு நானும் போகப் போகிறேன். அப்பா அம்மாக்கள் சம்மதித்துவிட்டார்கள், லைஃப் ஜாக்கெட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. போனதும் முதல் வேலையாகக் குப்பத்துக்குப் போய், "எங்கே தங்கலாம்?" என்று கேட்கப் போகிறோம்.

நீங்களும் கேட்பீர்கள்தானே?